பூனையின் கழுத்தில் என் வீட்டுக்காரரின் கை

கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்தபோது பீரோ, கட்டில், பாத்திரங்களோடு ஒரு பூனையையும் கொண்டுவந்தேன். கல்மண்டபத்தில் அம்மா வீட்டில் பிறந்தது. உடம்பெல்லாம் வெள்ளை, இடது கண்ணைச் சுற்றி மட்டும் செம்பட்டை. வண்டியிலிருந்து நான் இறங்குவதற்கு முன்னால் அது குதித்து இறங்கிப் புது வீட்டுக்குள் போய்விட்டது. வலது காலோ இடது காலோ, யார் பார்த்தார்கள்!

என் வீட்டுக்காரர் லாரி ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். முதல் நாள் பூனையைப் பார்த்து முகம் சுளித்தவர், ஒரே மாதத்தில் அதற்கு அடிமையாகிவிட்டார். சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்தால் போதும், அது ஓடிப்போய் அவர் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும். சோறு போடுபவள் நான், கொஞ்சல் அவருக்கு. எனக்கு வயிறு எரியும்.

பூனை வளர்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. காசிமேட்டிலிருந்து காரப்பொடி மீன் வாங்கிவந்து, உப்பு மஞ்சள் எதுவும் போடாமல் அவித்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத்தான் வைப்பேன். தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு நாளைக்கு இரண்டு தடவை மாற்றுவேன். எங்கள் தெருவில் லாரிகள் கிளப்பும் கரிப்புழுதி சாயங்காலத்துக்குள் அதன் வெள்ளையைச் சாம்பல் நிறமாக்கிவிடும். ஈரத்துணியால் துடைத்துவிட்ட பிறகுதான் எனக்கு மறுவேலை. நக்கியே உடம்பைச் சுத்தம் செய்துகொள்கிற பிராணி அது. ஊரில் உள்ள கரியெல்லாம் அதன் வயிற்றுக்குள் போகவிடுவேனா?

என் வீட்டுக்காரருக்கும் ஒரு திமிர் உண்டு. அவருடைய வலது கையின் எக்ஸ்ரே. கல்யாணத்துக்கு முன்னால் ஜாக்கி நழுவி அவர் கை நசுங்கியது, பிறகு எலும்பு கூடி நேரானது. அந்த ஃபிலிமைச் சுருட்டி பீரோமேல் வைத்திருந்தார். யார் வந்தாலும் டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்து, எந்த எலும்பு எங்கே உடைந்தது என்று விளக்குவார். காபி ஆறிப்போகும், விளக்கம் முடியாது. ஒலிம்பிக்கில் வாங்கிய மெடல்கூட அவ்வளவு பத்திரமாக இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரின் வண்டிக்கு எங்கள் வாசலில் என் வீட்டுக்காரர் ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார். பழைய ஆயில் ஒரு அலுமினியத் தட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் மீன் அவித்துக்கொண்டிருந்தேன். மதில்மேல் காக்காயை விரட்டிய பூனை கால் தவறி நேராக அந்தத் தட்டில் விழுந்திருக்கிறது. சத்தம் கேட்டு ஓடிவந்தேன். கழுத்துவரை தார் பூசியதுபோல் இருந்தது என் பூனை. ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பனியன் வேஸ்ட் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

"யோவ், இன்னாயா பண்ணிகினு கீற?"

"இன்னாத்துக்கு மே கத்துற? தெனம் நான் கிருஷ்ணாயில்லதான கை கழுவுறேன். எனக்கு இன்னா ஆச்சி?"

"நீ கைய நக்குவியா?"

அவர் கை அப்படியே நின்றது. கிரீஸ் என்றால் மண்ணெண்ணெய், பிறகு சோப்புத்தூள். பதினைந்து வயதிலிருந்து அவருக்குத் தெரிந்த ஒரே குளியல் முறை அதுதான். எந்த ஒர்க்‌ஷாப்பிலும் அதுதான் வழக்கம். இதற்குள் பூனை திமிறிக் கீழே குதித்து, முதுகை வளைத்து இரண்டு தடவை நக்கியும்விட்டது. வாயில் நுரை வந்தது. இருமியது. எனக்கு உயிரே போய்விட்டது.

டோல்கேட் பக்கத்து மாட்டு டாக்டரம்மாவிடம்தான் ஓட வேண்டும். ஆட்டோ எதிரிலேயே நிற்கிறது. ஆனால் சொட்டு ஆயில் இல்லாமல் நிற்கிறது! ஆயில் இறக்கக் கழற்றிய டிரெயின் நட்டை மாட்டிப் புது ஆயில் ஊற்ற வேண்டும். லாரி எஞ்சினையே கண்ணை மூடிக்கொண்டு பூட்டுகிறவர், அந்த ஒரு நட்டை இரண்டு தடவை கீழே போட்டார். அதைப் பார்த்தும் நான் திட்டுவதை நிறுத்தவில்லை. ஆட்டோக்காரர் ஒரே உதையில் வண்டியைக் கிளப்பினார். ஒயர் கூடையில் துண்டு சுற்றிய பூனையோடு நான், கிரீஸ் லுங்கியோடு அவர். டோல்கேட்வரை இரண்டு பேருந்துகளையும் ஒரு கன்டெய்னர் லாரியையும் முந்தினோம். அப்படியொரு சவாரி அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை.

மாட்டு டாக்டரம்மாவின் வீடு மாடியில் இருந்தது. சாப்பாட்டுக் கையோடு வந்து கதவைத் திறந்தார். வாந்தி எடுக்க வைத்தீர்களா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. உப்புத்தண்ணீர் கொடுக்கலாம் என்று நான் நினைத்ததுண்டு, அவசரத்தில் மறந்துவிட்டேன். கொடுத்திருந்தால் மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போயிருக்கும் என்றார். என் மறதிக்கு முதல்தடவையாக நன்றி சொன்னேன். தேங்காயெண்ணெய் தடவி ஆயிலை இளக்கி, பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீருமாக நான்கு தடவை கழுவினோம். அடியில் தோல் சிவந்திருந்தது. ஊசி போட்டு, களிம்பு கொடுத்தார். மூன்று நாள் மூச்சைக் கவனிக்க வேண்டும், மூச்சு வாங்கினால் உடனே தூக்கிவர வேண்டும். நக்கவே விடக்கூடாது, கழுத்தில் புனல்மாதிரி ஒன்று கட்ட வேண்டும். அது கடையில் கிடைக்காது, பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இருந்தால் வெட்டிக் கட்டுங்கள் என்றார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவராகவே பீரோமேலிருந்து ஃபிலிமை எடுத்தார். டியூப் லைட்டுக்கு எதிரே ஒரே ஒரு தடவை பிடித்துப் பார்த்தார். பிறகு தட்டை வைத்து வட்டம் போட்டு, லாரிக்கு கேஸ்கட் வெட்டுகிற அதே சுத்தத்தோடு வெட்டினார். கழுத்தில் உரசாமலிருக்க சைக்கிள் டியூபைக் கீறி உள்விளிம்பில் ஒட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது! பூனையின் முகத்தைச் சுற்றி அவருடைய ஐந்து விரல் எலும்புகளும் விரிந்து நின்றன. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபமாக இருந்ததால் அடுப்படிக்குப் போய்ச் சிரித்தேன்.

மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவர் திங்களும் செவ்வாயும் லீவு போட்டுவிட்டு, பூனையின் விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீயக்காய் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்து முகர்ந்து பார்த்தார். ஆனாலும் கிட்டே போகப் பயம், வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். பூனை தண்ணீர் மட்டும் குடித்தது. மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலையில் கிண்ணத்தில் புனல் இடிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தின்கிறது! காரப்பொடி அத்தனையும் காலி! கிண்ணத்தை நக்க முடியாமல் புனல் தடுக்க, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் போராடுகிறது. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது; குதித்தேன்.

பிறகு அது கிளம்பியது. வாளியில் இடித்தது, கதவில் இடித்தது, என்னைத் தாண்டிப் போனது. வாசற்படியில் உட்கார்ந்திருந்தவரின் பாதத்தின்மேல் புனலோடு தலையைச் சாய்த்துப் படுத்துவிட்டது. அவர் குனிந்து அதனிடம் சொன்னார்.

"மன்னிச்சிக்க. தெரியாம பண்ட்டேன்."

கல்யாணமாகி ஒரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. தடவப்போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தொடுயா," என்றேன். "ஒண்ணும் ஆவாது."

உடைந்து கூடிய அந்தக் கையின் ஒரு விரலை நீட்டி, அதன் காதைத் தொட்டார்.