காலி வயிற்றில் இருந்த சோறு

நீங்கள் நம்புவீர்கள் என்று எதிர்பார்த்து இதைச் சொல்லவில்லை. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான், அதுவும் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவள், செரிமானம் எப்படி நடக்கிறது என்று பலகையில் படம் போட்டு விளக்குகிறவள்.

அல்சூரில் மெட்ரோ வேலை தொடங்காத காலம் அது. உடம்பு பெருத்துப்போய், மாடி ஏறினால் மூச்சு நின்றுவிடும் போல இருந்ததால், இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொள்வதென்று முடிவாகியிருந்தது. அதற்கு முன்னால் எண்டாஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்ப்பார்கள். முந்தின நாள் சாயங்காலம் குடித்த கஞ்சிதான், அதற்குப் பிறகு ஒரு பருக்கை உள்ளே போகவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

காலையில் தொண்டையில் மருந்தடித்து மரத்துப்போகச் செய்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, பற்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையத்தைச் செருகினார்கள். குழாய் இறங்கியது. கண்ணீரும் எச்சிலும் வழிய, எதிரே இருந்த திரையைப் பார்த்தபடி கிடந்தேன்.

"ஊட்டா மாடிதீரா?" என்று கன்னடத்தில் கேட்டார் டாக்டர். பிறகு தமிழிலேயே, "மேடம், சாப்பிட்டுட்டா வந்தீங்க?"

திரையில் சோறு. மென்ற சோறு இல்லை, அப்போதுதான் வடித்தது போலப் பருக்கை பருக்கையாக, நடுவே கறுப்புக் கறுப்பாக எள். நம்பினால் நம்புங்கள், அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது, சந்தாபுராவில் என் அண்ணன் இறந்துபோன அப்பாவுக்குத் தெவசம் கொடுக்கிற நேரம் அது, எள்ளும் சோறும் பிசைந்து பிண்டம் வைக்கிற நேரம். இல்லை என்று தலையை ஆட்டப் பார்த்தேன், நர்ஸ் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் குழாயை உருவினார். "ஒரு ராத்திரி வாயைக் கட்ட முடியலைன்னா, ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படிம்மா சமாளிப்பீங்க?"

வெளியே வந்ததும் என் கணவர், "நான் தூங்கினப்புறம் எழுந்து ஏதாவது சாப்டியா மாலதி?" என்று மெதுவாகக் கேட்டார். அவரே கேட்ட பிறகு யாரிடம் போய்ச் சொல்வது? அழுதேன், வேறென்ன செய்ய.

மத்தியானம் அண்ணன் போன் செய்தார். நான் எதுவுமே சொல்லவில்லை, அவராகத்தான் ஆரம்பித்தார்.

"மாலு, உடம்பு நல்லாத்தானே இருக்கு? ஒண்ணுமில்லை... பிண்டம் வைக்கறப்போ ஐயர் அப்பா பேரைச் சொல்லுங்கன்னார். எனக்கு உன் பேர்தான்மா வருது. மாத்திச் சொல்லப் பாக்கறேன், மறுபடியும் உன் பேரே வருது. கடைசியில அவரே சொல்லி முடிச்சார்."

மறுவாரம் திரும்பப் பார்த்தார்கள், வயிறு சுத்தமாக இருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது, உடம்பும் இளைத்தது. அண்ணன் வருடா வருடம் தெவசம் கொடுக்கிறார். நேரத்துக்கு நேரம் கொஞ்சமாவது கேட்கிற வயிறு இது. தெவச நாள் காலையில் மட்டும் அதற்குப் பசிப்பதே இல்லை.