மடிக்கக் கூடாத கோட்டு

என் தம்பியை ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'பஞ்சு' என்றுதான் கூப்பிடுவார்கள். காதில் எப்போதும் பஞ்சு அடைத்திருப்பான். முப்பத்தோரு வருடம் அங்கே எக்ஸ்ரே எடுத்தான். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு வாழ்த்துமடல் வாசித்தபோதுதான், இவனுக்கு வேறு ஒரு பெயர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரிந்தது.

பிறந்ததிலிருந்தே அப்படித்தான். பக்கத்து அறையில் தட்டு விழுந்தால் இவன் உடம்பு தூக்கிப்போடும். சட்டைக் காலரில் தைத்திருக்கும் கம்பெனித் துணியைக் கத்தரித்துக் கொடுத்தால்தான் போட்டுக்கொள்வான். டியூப்லைட் மினுக்கினால் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவான். வீட்டுக்கு நாலு பேர் வந்துவிட்டால் ஆளையே காணோம். எங்கே என்று தேடினால், அடுக்கி வைத்திருக்கும் மெத்தைகளுக்கு அடியில் நுழைந்து படுத்திருப்பான். "மூச்சு முட்டிச் செத்துத் தொலையப் போறேடா!" என்று காலைப் பிடித்து வெளியே இழுத்தவள் நான்தான். எல்லாம் நடிப்பு, செல்லம் கொடுத்துக் கெட்டுப்போனது என்று சொன்னவளும் நான்தான். இனிமேல் எதற்கு மறைக்க?

எக்ஸ்ரே வேலையில் சேர்ந்த முதல் வாரமே முகம் மலர்ந்து வந்தான். கதவைச் சாத்தினால் ஒரு சத்தம் கிடையாது, ஒரு நேரத்துக்கு ஒரே ஆள். அதைவிடப் பெரிய அதிசயம், அந்த அறையில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த மேலங்கி. கதிர் படாமல் இருக்க உள்ளே ஈயம் வைத்துத் தைத்தது. ஏழு கிலோ இருக்கும்.

"அக்கா, அந்தக் கோட்டைப் போட்டா, யாரோ தோள்ல ரெண்டு கையையும் வச்சு, 'சரி, ஒண்ணுமில்ல, இரு'ன்னு சொல்ற மாதிரி இருக்குக்கா."

மற்றவர்கள் வேலை முடிந்ததும் 'அப்பாடா' என்று கழற்றி எறிவார்களாம். இவன் டீ குடிக்கும்போதும் போட்டுக்கொண்டிருப்பானாம். கல்யாணத்துக்குக்கூட, "மைக்செட் வேணாம், இருவது பேருக்கு மேல வேணாம்" என்றான். எவன் பெண் கொடுப்பான்? அப்படியே நின்றுபோயிற்று. என் வீட்டுக்காரர் தவறிய பிறகு, எனக்கும் என் மகளுக்கும் துணையாக எங்களோடு வந்து இருந்துவிட்டான்.

ஓய்வு பெறும் வருடம், அவன் கோட்டில் தோள்பக்கம் கீறல் விழுந்திருந்தது. கீறல் விழுந்தால் கதிர் உள்ளே வரும். இனி உதவாது என்று கழித்துவிட்டார்கள். அவன் பெரிய டாக்டரிடம் கேட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தான். முன்னறைச் சுவரில் தடியாக ஒரு மரக்கட்டை அடித்து அதில் மாட்டினான்.

"இதை மட்டும் மடிக்காதக்கா. மடிச்சா உள்ள ஈயம் விட்டுப்போயிடும். வெளிய பார்த்தாத் தெரியாது."

"அதான் ஏற்கெனவே விட்டுப்போச்சே."

"அதுக்காக இன்னும் விடணுமா?" என்றான். அவன் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சாயங்காலமானால் முன்னறை நாற்காலியில் அந்தக் கோட்டை மடியில் விரித்துக்கொண்டு உட்காருவான். "இப்ப மிக்ஸியைப் போடுக்கா, நான் தயார்" என்பான். மிக்ஸி அலறும். இவன் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருப்பான். எருமைக் கன்றை மடியில் வைத்துக் கொஞ்சுகிறான் என்று நான் கிண்டல் செய்வேன்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, என் மகளுக்கு ஒரு சம்பந்தம் கூடிவரும் வரை. மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேர் வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அறுபது வயது ஆள், முன்னறையில், மடியில் ஆஸ்பத்திரிக் கோட்டோடு உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்கள்? குடும்பத்தில் கோளாறு என்று ஒரு வார்த்தை கிளம்பினால் போதாதா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அவன் கடைக்குப் போயிருந்த நேரம், தெருவில் பழைய சாமான்காரர் குரல் கொடுத்தார். கூப்பிட்டேன். உள்ளே ஈயம் என்றதும் அந்த ஆளுக்கு வாயெல்லாம் பல். அவர் அதை நாலாய் மடித்துச் சைக்கிளில் கட்டியதை நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தம்பி வந்ததும் வெறும் மரக்கட்டையைப் பார்த்தான்.

"பரண்ல வச்சிருக்கேன்டா. அவங்க வந்துட்டுப் போகட்டும், எடுத்துத் தர்றேன்."

"மடிச்சா வச்சே?"

"இல்லப்பா, இல்ல."

சம்பந்தி வீட்டார் வந்தார்கள். சிரிப்பும் பேச்சுமாக வீடு இரைந்தது. அவன் பின்னறையில் மெத்தை மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், மூணு வயதில் உட்கார்ந்த மாதிரியே. மாப்பிள்ளையின் அம்மாவே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எங்க அண்ணனும் இப்படித்தாங்க, கூட்டம் ஆகாது. விடுங்க, தொந்தரவு பண்ண வேணாம்" என்றாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆனது.

அவர்கள் போனதும் மகளிடம் உண்மையைச் சொன்னேன். "மாமா மடியில அது இருந்தா உனக்கு என்னம்மா போச்சு?" என்று அழுதாள். சாமான்காரரைத் தேடிப் போனோம். என்றைக்கோ உருக்கியாயிற்று என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

தம்பி ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை மெல்லக் கேட்பான். "பரண்லேர்ந்து எடுக்கலாமாக்கா?" நாளைக்கு என்பேன். ஏணி இல்லை என்பேன். அதற்குள் சளி பிடித்து, நெஞ்சில் இறங்கி, அவன் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அந்த வார்டு இருக்கிறதே, அது அவனுக்கென்றே கட்டிய நரகம். பன்னிரண்டு கட்டில், தலைமாட்டில் கீக் கீக் என்று மிஷின், அணையாத விளக்கு, தள்ளுவண்டிச் சத்தம். அவன் திமிறித் திமிறி ஊசியையும் குழாயையும் பிடுங்கினான். இரண்டாம் நாள் போனபோது, இரண்டு கையையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள்.

நான் கத்தினேன். நர்ஸ் பாவம், "பிடுங்கிட்டா மருந்து ஏறாதும்மா, நாங்க என்ன பண்றது?" என்றாள். டாக்டரிடம் போய் மெத்தையிலிருந்து கோட்டு வரை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சிலருக்கு நரம்பே அப்படிம்மா. நமக்குக் காதுல விழுற சத்தம் அவங்களுக்கு உடம்புல விழும். மேல கனமா ஏதாவது இருந்தா சில பேருக்கு அடங்கும். நெஞ்சுல மட்டும் வைக்கக் கூடாது, மூச்சு வாங்கும். இடுப்புக்குக் கீழ வச்சுப் பாருங்க. அந்தக் கோட்டு எங்க?"

நான் நேரே எக்ஸ்ரே அறைக்கு இறங்கிப் போனேன். அவனோடு பதினோரு வருடம் வேலை பார்த்த அம்மாள் அங்கே இருந்தாள்.

"பஞ்சு அண்ணனோட அக்காவா? அவர் கோட்டு வீட்லயே இருக்குமே?"

"வித்துட்டேன்மா."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "மத்தியானம் ஒண்ணரைக்கு மேல இங்க ஆள் வராது. ஒரு மணி நேரம் தர்றேன்" என்றாள்.

சொன்னபடி வந்தாள். கோட்டை மடிக்காமல் முன்னங்கையில் தொங்கவிட்டுத்தான் கொண்டுவந்தாள். அவனிடம் பழகிய பழக்கம். இடுப்பிலிருந்து முழங்கால் வரை விரித்தோம். கட்டியிருந்த கையின் விரல்கள் நீண்டு ஓரத்துப் பட்டையைத் தடவின. திமிறல் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நர்ஸ் தானாகவே கைக்கட்டுகளை அவிழ்த்தாள். அந்த ஒரு மணி நேரம் அவன் தூங்கினான். நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுசில் நான் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததே கிடையாது.

அடுத்த நாளும் வந்தாள். மூன்றாம் நாள், கோட்டை விரித்துவிட்டு அவள் நகர்ந்ததும் அவன் கண்ணைத் திறந்தான். கை அந்தக் கோட்டை அளந்து பார்த்தது.

"இது என்னோடது இல்லக்கா. எடை கம்மி. புதுசெல்லாம் லேசாப் பண்றான்."

"ஆமாண்டா."

"என்னோடது பரண்லயா இருக்கு?"

"ம்."

"மடிச்சு வச்சிடலியே?"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அறுபது வருடமாக என்னை நம்பிய முகம். "இல்லடா. எடுத்து மாட்டிட்டேன். உன் கட்டையிலயே தொங்குது. நீ வந்து போட்டுக்கோ" என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதுவும் பேசவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போய்விட்டான். மகள் காகிதங்களில் கையெழுத்துப் போட ஓடிக்கொண்டிருந்தாள். நான் வெறும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எக்ஸ்ரே அறை அம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, ஒன்றரைக்குக் கையில் கோட்டோடு வந்து நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். திரும்பிப் போகாமல், அதை என் மடியில் விரித்துவிட்டு, "ஒரு மணி நேரம் இருக்கட்டும்மா" என்று சொல்லிப் போனாள்.

இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கோட்டு என் மடிக்கு வந்தது அன்றைக்குத்தான். அவள் வந்து எடுக்கும் வரை இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதுவும் அடங்கவில்லை.