அண்ணன் எடுத்த அம்மா படம்

அண்ணன் அம்மாவின் கதையைப் படமாக எடுத்துவிட்டான் என்று தெரிந்ததும் பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவே என்னைப் பிடித்துக்கொண்டது. "உன் வேஷத்துல யாரும்மா நடிக்கிறாங்க?" எனக்கென்ன தெரியும்? "அதெல்லாம் இப்பவே சொல்லக் கூடாதாம்" என்று பிகு பண்ணிக்கொண்டேன். கொழுப்பு, வேறென்ன!

அப்பா செத்தபோது அண்ணனுக்குப் பதினாலு வயது, எனக்குப் பத்து. அப்பாவின் தறியில் அம்மா உட்கார்ந்தாள். அண்ணன் படிக்க வேண்டுமே என்று என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பட்ட பாட்டைச் சொன்னால் நீங்கள் அழுவீர்கள். அழவைக்கிற அந்த வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டான். 'என் தாயின் துன்பத்துக்கு இந்தப் படத்தில் அர்த்தம் கண்டேன்' என்று பத்திரிகையில் பேட்டி வேறு. துன்பம் காஞ்சிபுரத்தில், அர்த்தம் கோடம்பாக்கத்தில். இருக்கட்டும். என் பங்குக்கு இரண்டு சீனாவது வரும் என்று நம்பினேன். நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

முதல் நாள் மாட்டினி. அண்ணனும் வந்திருந்தான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா. படத்தில் புருஷன் செத்தான். விதவைக்கு ஒரே மகன். சரி, நான் இனிமேல்தான் வருவேன் போலிருக்கிறது என்று காத்திருந்தேன். அவள் அழுதாள், நெய்தாள், பட்டினி கிடந்தாள். மகன் காலேஜுக்குப் போனான். இடைவேளையும் வந்தது, நான் வரவில்லை.

அப்புறம் அந்தக் கட்டம். ஜுரத்தோடு அவள் தன்னந்தனியாகக் கோர்வைப் புடவை நெய்கிறாள். வயலின் கதறுகிறது. கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, கரை நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே போட்டே ஆக வேண்டும். வேறு ஊராக இருந்தால் அழுதிருப்பார்கள். எங்கள் ஊரில் பெஞ்சு டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "யோவ், கோர்வைய ஒண்டியா எப்டிய்யா நெய்வா? பக்கத்துல நாடா போடறவ எங்க?"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அந்த முகம் தெரியாத மனுஷனுக்கு ஒரு கும்பிடு போடலாம் போலிருந்தது.

வெளியே வந்ததும் அண்ணனைக் கேட்டேவிட்டேன். "நான் எங்கண்ணா?"

"இல்லம்மா... ரெண்டு புள்ளைங்கன்னா ஜனங்க அனுதாபம் பிரிஞ்சிடும்னு புரொட்யூசர் சொல்லிட்டாரு. தப்பா நெனச்சுக்காத." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

பின்னால் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்ததும் அண்ணனுக்கு உயிர் வந்தது. "எப்டிம்மா இருக்குது படம்?"

"நல்லாத்தான் இருக்குதுப்பா. அந்தப் பொம்பளதான் பாவம். இம்மாங் கஷ்டத்துல கூடமாட ஒத்தாசைக்கு ஒரு பொண்ணுகூட இல்லியே அவளுக்கு."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அண்ணன் படத்துக்கு நான் அழுதது அப்போதுதான்.