காலை ஐந்தரை முதல் ஏழு வரை

பதிவேட்டு அறைக்கு வரும் ஃபைல்கள் பெரும்பாலும் ஒல்லியாகத்தான் இருக்கும். நோயாளி வீட்டுக்குப் போனதும் வார்டிலிருந்து நாடா கட்டி அனுப்புவார்கள். அவள் எண் போட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, அலமாரியில் செருகுவாள். பதினாறு வருடமாக அந்த மருத்துவமனையில் அவளுக்கு இதுதான் வேலை. பருமனான மூக்குக் கண்ணாடி, முத்து முத்தான கையெழுத்து, பேச்சு குறைவு. வார்டுப் பக்கம் போவதே இல்லை. ஃபினாயில் வாடை தலைவலியைக் கிளப்பிவிடும் என்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்திருக்க வேண்டிய ஃபைல் ஒன்று ஐந்து வாரம் கழித்து, செங்கல் கனத்தில் வந்து சேர்ந்தது. எண்ணைப் பார்த்ததும் அவளுக்கு நினைவு வந்துவிட்டது. அந்தத் திங்கட்கிழமை மதியம் ஒரு வயதான அம்மா ஜன்னலண்டை வந்து, வீட்டுக்குப் போக என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

"நாளைக்குக் காலைலயே கெளம்பிடலாமாம்மா?"

"பத்து மணிக்குள்ள எல்லாம் முடிச்சுடலாம்மா. நீங்க கவலைப்படாதீங்க" என்று இவள்தான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஃபைலைப் பிரித்தாள். அந்த அம்மாவின் கணவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தோரு வயது. நிமோனியாவோடு வந்து ஒன்பதே நாளில் தேறியிருக்கிறார். 'நாளை வீட்டுக்குப் போகலாம்' என்று டாக்டர் எழுதியிருக்கிறார். மறுநாள் காலை ஆறு இருபதுக்குக் கழிப்பறை போகும் வழியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. பிறகு அறுவை சிகிச்சை, படுக்கைப் புண், மறுபடி நெஞ்சில் சளி. ஐந்து வாரம் கழித்துச் சக்கர நாற்காலியில் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

கீழே விழுந்தால் நிரப்ப வேண்டிய படிவமும் உள்ளே இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தது: 'நோயாளியின் கவனக்குறைவு.'

அவளுக்கு அது சுருக்கென்றது. அந்த வருடத்துப் படிவங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தாள். மொத்த மருத்துவமனைக்கும் பதினொன்றுதான் இருந்தன. பத்தில் அதே இரண்டு வார்த்தைகள். ஆனால் பொது மருத்துவ வார்டின் ஃபைல்களைப் புரட்டப் புரட்ட வேறு கதை தெரிந்தது. 'நெற்றியில் வீக்கம், எக்ஸ்ரே எடுக்கவும்.' 'வழுக்கியதில் மணிக்கட்டு வலி.' இவற்றுக்கெல்லாம் படிவமே கிடையாது. மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தியாகம் செய்து, பதினோரு மாதத்து ஃபைல்களை ஒன்று விடாமல் படித்தாள். அந்த ஒரு வார்டில் மட்டும் முப்பத்துநான்கு பேர் விழுந்திருந்தார்கள். நான்கு பேருக்கு எலும்பு முறிவு. படிவம் எழுதப்பட்டது ஆறு பேருக்கு.

பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்குக் கணக்கில் ஒரு பிடிப்பு உண்டு. கட்டம் போட்ட தாளில் இருபத்துநான்கு மணி நேரத்தையும் வரிசையாக எழுதி, விழுந்த ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி வைத்தாள். இருட்டில்தான் எல்லோரும் விழுகிறார்கள் என்று மருத்துவமனையில் பேச்சு. புள்ளிகள் அப்படிச் சொல்லவில்லை. முப்பத்துநான்கில் இருபது, காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவே எறும்புக் கூட்டம்போல் மொய்த்திருந்தன.

வீட்டில் அவள் கணவர் அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். அவர் பேருந்து ஓட்டுநர்.

"என்ன இது, அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

விஷயத்தைச் சொன்னாள். அவர் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க டிப்போலயும் இதே கதைதான். வண்டி எங்க இடிச்சாலும் டிரைவர் கவனக்குறைவுன்னு எழுதிடுவாங்க. அந்த வளைவுல ஏன் பத்து வண்டி இடிக்குதுன்னு ஒருத்தனும் போய்ப் பாக்க மாட்டான்."

"நான் போய்ப் பாக்கலாம்னு இருக்கேன்."

"ஃபினாயில் வாடை?"

"மூக்கைப் பொத்திக்கிறேன்."

முதலில் அவள் தேடிப் போனது லைன்மேனை. எலும்புப் பிரிவுக்கு வியாழக்கிழமைதோறும் வருவார் என்று குறிப்பு இருந்தது. சக்கர நாற்காலியில் முறைக்காகக் காத்திருந்தவரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, அன்று காலை என்ன நடந்தது என்று கேட்டாள்.

"இத்தனை நாள்ல இதக் கேக்குற மொத ஆள் நீதாம்மா" என்றார் அவர். "மாத்திரை போட்டேன். கொஞ்ச நேரத்துல அவசரமா வந்துச்சு. பெல்லு தலைக்குப் பின்னாடி செவுத்துல இருக்கு, கை எட்டல. சிஸ்டருங்க எல்லாம் மேசைகிட்ட நின்னு பேசிட்டிருந்தாங்க. பாவம், எதுக்குத் தொந்தரவுன்னு நானே எழுந்தேன். தரை ஈரம்."

"கவனக்குறைவுன்னு எழுதியிருக்காங்கய்யா."

அவர் சிரித்தார். "முப்பது வருஷம் கம்பத்துல ஏறி எறங்கினவன்மா நான். கவனக்குறைவா இருந்திருந்தா இன்னைக்கு உன்கூடப் பேசிட்டிருக்க மாட்டேன்."

அடுத்த நாள் தாளை எடுத்துக்கொண்டு பொது மருத்துவ வார்டுக்குப் போனாள். அங்கே தலைமைச் செவிலியர் கறாரானவர். தாளைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"எங்க வார்டு மேல பழி போட வந்திருக்கீங்களா?"

"பழி போட இதுல ஆளே இல்ல சிஸ்டர். யார் பேரும் எழுதல. நேரம் மட்டும்தான் இருக்கு."

தலைமைச் செவிலியர் தாளை வாங்கி வெகு நேரம் பார்த்தார். குரல் இறங்கியது. "அந்த லைன்மேன் விழுந்த அன்னைக்கு ட்யூட்டில இருந்த பொண்ணுக்கு மெமோ கொடுத்தாங்க. ரெண்டு நாள் அழுதுச்சு. எழுதினா எப்பவும் இதுதான். அப்புறம் யாருக்கும்மா படிவம் எழுத மனசு வரும்?" பிறகு தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்குக் காலைல அஞ்சேகாலுக்கு வாங்க. என் வார்டை நானே ஒரு தடவை பாக்கணும்."

மறுநாள் விடியும்போது இருவரும் சுவரோரமாக நின்று, நடப்பதை நடந்தபடியே குறித்தார்கள். ஐந்தரைக்கு மாத்திரை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு அதில் நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் உண்டு. ஆறு மணிக்குத் துப்புரவுப் பணியாளரான அம்மா வாளியோடு வந்து, கழிப்பறை வரை நாற்பதடி நடைவழியைச் சுவருக்குச் சுவர் துடைத்தார். ஆறேகாலுக்கு இரவு ஷிப்டும் காலை ஷிப்டும் மேசையைச் சுற்றி நின்று பொறுப்பை ஒப்படைக்க ஆரம்பித்தன. அது முடிய அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தில் ஒன்பது கிழவர்கள் கட்டிலைப் பிடித்து, சுவரைப் பிடித்து, ஈரத்தில் தத்தித் தத்தி நடந்துபோனார்கள். ஒருவர்கூட மணி அடிக்கவில்லை.

"கடவுளே" என்றார் தலைமைச் செவிலியர், தனக்குள். "தெனமும் இப்படித்தான் நடந்துட்டிருக்கா?"

மருத்துவமனைக் கண்காணிப்பாளரான டாக்டரிடம் இருவரும் சேர்ந்தே போனார்கள். அவருக்குத் தாள் புரிந்தது. பிடிக்கவில்லை.

"பதினொண்ணுன்னு மேல எழுதி அனுப்பியிருக்கேன். நீங்க ஒரு வார்டுலயே முப்பத்தி நாலுங்கறீங்க."

"நடந்தது அதுதான் சார்" என்றாள் அவள். "ரெண்டு விஷயம் வேணும். படிவத்துல காரணம்கற கட்டத்தை எடுத்துடணும். எழுதிக் கொடுக்கறவங்களுக்கு மெமோ கூடாது."

அவர் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "எட்டு வாரம் தரேன். கொறையலைன்னா தாளை மடிச்சு வெச்சுடணும்."

முதல் இரண்டு வாரத்தில் நான்கு படிவம் வந்தது. அவர் உடனே கூப்பிட்டு அனுப்பினார்.

"கொறைக்கறேன்னு சொல்லிட்டு ஏத்திட்டீங்களே?"

"விழறது ஏறல சார். சொல்றதுதான் ஏறியிருக்கு." நான்கு படிவத்தையும் மேசையில் பரப்பினாள். "இந்த ரெண்டு பேரும் வழுக்கி அப்படியே உக்காந்துட்டாங்க, அடி எதுவும் இல்ல. முன்னாடி இதெல்லாம் ஃபைல்லயே வராது. பயம் போயிருக்கு, அதனாலதான் நமக்குத் தெரியுது. தெரிஞ்சாத்தானே சார் சரி பண்ண முடியும்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நான்கு படிவத்தையும் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடத் தலைமைச் செவிலியர் துடித்தார். இவள்தான் பிடித்து நிறுத்தினாள். மொத்தமாக மாற்றினால் எதனால் குறைந்தது என்று தெரியாமல் போகும், ஒவ்வொன்றாகச் செய்து புள்ளி என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்றாள். முதலில் தரை. துப்புரவுப் பணியாளரிடம் யோசனை கேட்டபோது அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இருவது வருஷமாத் தொடைக்கறேன். ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல. பாதி பாதியாத் தொடைச்சாப் போச்சு. இந்தப் பக்கம் காஞ்சப்புறம் அந்தப் பக்கம். நடுவுல ஒரு செகப்புக் கயிறு கட்டிக் கொடுங்க, அது போதும்."

கட்டிக் கொடுத்தார்கள். அடுத்து மணி. மின் பிரிவு ஊழியர் வந்து ஒயரை நீட்டி, சுவரிலிருந்த பொத்தானைக் கட்டில் கம்பிக்கே கொண்டுவந்தார். நீர் பிரியும் மாத்திரையை டாக்டர்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் பார்த்து, முடிந்தவர்களுக்கெல்லாம் எட்டு மணிக்குத் தள்ளி எழுதினார்கள். நடுவில் ஒன்று மண்ணைக் கவ்வியது. விழக்கூடியவர்கள் என்று தோன்றியவர்களின் கையில் மஞ்சள் பட்டை கட்டிப் பார்த்தார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதைக் கழற்றித் தலையணைக்கடியில் ஒளித்துவிட்டு, "என்னை என்ன கைக்கொழந்தைன்னு நெனச்சீங்களா?" என்றார். இரண்டு நாளில் மற்றவர்களும் கழற்றிவிட்டார்கள். பட்டையைக் கைவிட்டார்கள்.

கடைசியாக ஷிப்ட் மாறும் நேரம். மேசையைச் சுற்றி நிற்காமல், கட்டில் கட்டிலாகப் போய் அங்கேயே பொறுப்பை ஒப்படைப்பது, ஒவ்வொருவரையும் "பாத்ரூம் போகணுமா?" என்று கேட்பது. செவிலியர்கள் முணுமுணுத்தார்கள். கால் வலிக்கும், நேரம் இழுக்கும் என்றார்கள். ஒரு வாரம் பத்துக் கட்டிலுக்கு மட்டும் செய்து பார்த்தார்கள். அரை மணி நேரம் முப்பத்தைந்து நிமிடமானது, அவ்வளவுதான். அந்தப் பத்துக் கட்டிலில் யாரும் விழவில்லை. அதற்குப் பிறகு முணுமுணுப்பு அடங்கியது.

தாள் இப்போது செவிலியர் மேசைக்கு எதிரே சுவரில் தொங்கியது. தினமும் காலை வேலைக்கு வந்ததும் அவள் முதலில் அங்கே போவாள். வார்டு முழுக்க அவளுக்குப் புள்ளியக்கா என்று பெயர் வந்துவிட்டது. வீட்டில் கணவர் தன் பங்குக்கு, "எங்க வீட்டுப் பெரும்புள்ளி வந்தாச்சு" என்று கதவைத் திறந்துவிடுவார். மூன்றாம் நான்காம் வாரத்தில் மூன்று பேர் விழுந்தார்கள். ஐந்தாவது ஆறாவதில் ஒருவர். ஏழாவது எட்டாவது வாரத்தில் தாளில் புள்ளியே இல்லை. கண்காணிப்பாளர் தாமே வார்டுக்கு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தாளின் எதிரே நின்றார்.

"மடிச்சு வைக்க வேண்டாம்" என்றார்.

அறுபத்தொரு நாள் யாரும் விழவில்லை. அறுபத்திரண்டாவது நாள் மதியம் இரண்டு மணிக்கு ஒரு பெரியவர் விழுந்தார். பத்தே நிமிடத்தில் இளம் செவிலியர் ஒருத்தி மூச்சு வாங்கப் பதிவேட்டு அறை ஜன்னலுக்கு வந்து நின்றாள். மெமோ வாங்கி இரண்டு நாள் அழுத அதே பெண்.

"அக்கா, ஒரு புள்ளி வைக்கணும். என் ட்யூட்டிதான். முட்டியில லேசா சிராய்ப்பு."

"என்ன ஆச்சு?"

"அவங்க பையன் புதுச் செருப்பு வாங்கிட்டு வந்திருக்கார்க்கா. ரெண்டு சைஸ் பெருசு. நான் பாத்திருக்கணும்."

"நீ வந்து சொன்னதாலதான் எனக்குத் தெரியுது. வா, போய் மத்தவங்க செருப்பையும் பாப்போம்."

பார்த்தார்கள். முப்பத்திரண்டு ஜோடியில் பதினெட்டு, காலில் நிற்காத ரகம். பின்பட்டி வைத்த செருப்பு கொண்டுவரும்படி உறவினர்களுக்குச் சொல்லும் வழக்கம் அன்றுதான் தொடங்கியது.

இதைத் தொடங்கி ஒரு வருடம் முடிந்தபோது அந்த வார்டில் விழுந்தவர்கள் ஒன்பது பேர். எலும்பு முறிந்தவர் ஒருவரும் இல்லை. கண்காணிப்பாளர் மேலிடத்துக்கு உண்மையான எண்ணிக்கையையே எழுதினார். மற்ற வார்டுகளும் மறைக்காமல் எழுத ஆரம்பித்திருந்தன. மொத்த மருத்துவமனைக்கும் சேர்த்து அது மற்ற ஊர் எண்ணிக்கைகளைவிட அதிகமாகத் தெரிந்ததால் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அவர் அவளைக் கூப்பிட்டு, பதிலை அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். தாளின் நகலையும் இணைத்து அனுப்பினார். அதற்குப் பிறகு அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மருத்துவமனைகளிலிருந்து ஆட்கள் மட்டும் பார்க்க வந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை வார்டின் தலைமைச் செவிலியர் ஜன்னலண்டை வந்தார்.

"எங்ககிட்ட யாரும் விழறதில்ல. ஆனா தையல் போட்ட எடம் சீழ் பிடிக்குது. ஏன்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. வந்து பாக்கறீங்களா?"

"எந்த ஆபரேஷன் தியேட்டர், எத்தனை மணின்னு எழுதி வெச்சிருக்கீங்களா?"

"எல்லாம் நோட்டுல இருக்கு."

"அப்ப சரி. திங்கக்கிழமை காலைல வரேன்" என்றாள் புள்ளியக்கா. அலமாரியிலிருந்து ஒரு புதிய கட்டம் போட்ட தாளை உருவி மேசையில் விரித்தாள்.