நாக்கை நீட்டிக் காட்டியவர்

போட்டார். முந்தைய நாள் மதியம் என் எதிரில்தான் மாத்திரை போட்டார். பூங்கொடி அக்காவின் மரணச் செய்தி கல்லூரி வாட்ஸாப் குழுவில் வந்த காலையில், இரங்கலுக்கு முன்பே வந்த கேள்விக்கு என் பதில் அது: மாத்திரையை ஒழுங்காகப் போட்டாரா? தூக்கத்தில் வலிப்பு என்றார்கள். கேள்வி நிற்கவில்லை.

எங்கள் ஆசிரியர் அறையில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். சாப்பிட்டதும் மாத்திரையை விழுங்குவார். பிறகு நாக்கை நீட்டி மேசை மேசையாகக் காட்டுவார். "பாத்துக்கங்க சாமிகளா, முழுங்கிப்போட்டேன். எங்கண்ணன் கேட்டா சாட்சி சொல்லோணும்." கணக்குப் பாடம் நடத்துபவர். சிரித்துக்கொண்டே நிரூபிப்பார்.

அண்ணன் வெள்ளகோவிலில் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். தங்கை மாத்திரையைத் துப்புகிறாள் என்பது அவர் முடிவு. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. சந்தேகம் மருந்துக்கடை மேல் போனது. பிறகு மருத்துவர் மேல். கடைசியில் தங்கையிடமே திரும்பியது. "மனசுல என்னமோ வெச்சிருக்கறாளுங்க" என்பார்.

ஒருமுறை அக்காவுடன் மருத்துவரிடம் போனேன். குழந்தைப் பருவத்தில் வந்த காய்ச்சல் வலிப்பு மூளையில் ஒரு தழும்பை விட்டிருக்கிறது, வலிப்பு அங்கிருந்து கிளம்புகிறது என்றார். மருந்து ரத்தத்தில் இருக்கிறது, அந்த இடத்தில் வேலை செய்யவில்லை. மூளை மருந்தை வெளியே தள்ளலாம். மருந்து பற்றவேண்டிய இடமே மாறியிருக்கலாம். சிலருக்கு மட்டும் ஏன் இப்படி என்று முழுதாகத் தெரியாது. இரண்டு மருந்துகளுக்கு அடங்காதது மூன்றாவதற்கு அடங்குவது அரிது. அறுவை சிகிச்சை முடியுமா என்று சோதிக்கலாம்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னார். "அப்ப நான் பொய் சொல்லலை, கண்ணு."

"எழுதி வாங்கிக்கலாமுங்களா அக்கா?"

"எழுதுனா எங்கண்ணன் டாக்டர் கையெழுத்தைச் சந்தேகப்படுவாரு."

அண்ணன் அறுவை சிகிச்சைக்கு மறுத்தார். "தலையத் தொறக்கோணுமாக்கும். ஒழுங்கா முழுங்குனாப் போதாதுங்களா?" அவரை விட்டுவிட்டுப் போகலாம் என்றேன். அக்கா மறுத்துத் தலையாட்டினார். "அண்ணன் நம்பாம, ஆஸ்பத்திரில எங்கூட ஆரு உக்காருவாங்க?"

சாவு வீட்டில் அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். "ஏனுங்க அம்மணி, நெசத்தச் சொல்லுங்க. காலேஜ்ல துப்பிப்போடுவாளுங்களா?"

"இல்லீங்கண்ணா. எங்க முன்னாடிதான் முழுங்குவாங்க."

தங்கையைப் பார்த்த அதே பார்வை. எனக்கும் நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும் போலிருந்தது. தங்கை துப்பியிருந்தால் நல்லது என்று அவர் நினைக்கிறாரோ? துப்பவில்லை என்றால், தான் சிகிச்சையை மறுத்தது மட்டும்தான் காரணமாக மிஞ்சும்.

அன்று இரவு அக்கா மாத்திரையைப் போட்டாரா? பாருங்கள், நானும் கேட்கிறேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சாட்சி வேலை. அடுத்த வாரம் அண்ணனை அதே மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மாத்திரையை விழுங்கியும் வலிப்பு வருமா என்ற கேள்வியை அண்ணனே கேட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.