அவள் நெஞ்சில் நான் வைத்த நோய்

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பொருளியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பங்காளிகள் கூடும் சபையில் நான் நுழைந்தால் இளையவர்கள் எழுந்து நிற்பார்கள். என் சொல்லைச் சரிபார்க்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

அந்தச் சொல்லைக் கொண்டுதான் என் பேத்தியை நோயாளி ஆக்கினேன்.

வள்ளியம்மைக்கு அப்போது பதினான்கு வயது. மகனும் மருமகளும் சிங்கப்பூரில் இருந்ததால் அவள் என் பொறுப்பில் வளர்ந்தாள். பூப்பந்தாட்டத்தில் அவளும் என் தம்பியின் பேத்தி உமையாளும் பள்ளியின் இரட்டையர் அணி. மாலைதோறும் தம்பி வீட்டுப் பின்முற்றத்தில் பயிற்சி. வியர்வையோடு திரும்பி வந்து, நின்றபடியே சோறு கேட்பாள்... எவ்வளவு நலமான பசி அது!

முன்னோருக்குப் பங்காளிகள் சேர்ந்து படைக்கும் நாள் வந்தது. இலைகளில் படையல் ஆயத்தமாக இருக்க, நான் குலவரலாற்றை விளக்கிக்கொண்டிருந்தேன். சற்று நீண்டுவிட்டது, மறுக்கவில்லை. தம்பி நடுவில் புகுந்தான்.

“அண்ணே, பாடத்த முடிங்க. சாமியாப் போனவுகளுக்கே தூக்கம் வருது!”

கூட்டம் சிரித்தது. அதைப் பொறுத்திருப்பேன். உமையாளின் தோளில் சாய்ந்து வள்ளியம்மையும் சிரித்தாள்... அதைத்தான் பொறுக்க இயலவில்லை.

தம்பி வீட்டுக்குப் போகாதே என்று நேராகச் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஒரு கேலிக்காகப் பிள்ளையின் ஆட்டத்தை நிறுத்திவிட்டார் என்று ஊர் பேசுமே! படித்தவன் அல்லவா நான்? மதிப்புக் குறையாத வழி ஒன்றைத் தேடினேன்.

சில நாளில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணச் சளிக் காய்ச்சல் என்றார் மருத்துவர். அவளை வெளியே அமரச் செய்துவிட்டு, நான் மட்டும் உள்ளே சற்றுத் தங்கினேன். பிறகு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

“ஒனக்கு ஹார்ட்டு கொஞ்சம் வீக்காம் ஆத்தா. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாதுன்னுட்டாக.”

அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுநாள் மட்டையை உமையாளுக்குக் கொடுத்தனுப்பினாள். சிங்கப்பூரிலிருந்தும் யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. நான் சொன்னால் போதாதா!

இப்போது அவளுக்குப் பதினேழு. மாடிப்படியின் நடுவே நின்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினாள். உடல் பருத்துவிட்டது. தோழியென்று எவரும் இல்லை. ஒருநாள் உமையாள் வாசலில் நின்று கெஞ்சினாள்.

“ஆட வேணாம்டி. சும்மா அங்குட்டு வரைக்கும் நடந்துட்டு வருவோம், வாடி.”

“செத்துப்போயிருவேன்டி. நீ போ.”

உள்ளே அமர்ந்து இதைக் கேட்டேன். அப்போதாவது எழுந்தேனா? இல்லை... இல்லவே இல்லை!

சென்ற மாதம் அவளுக்குத் தலைசுற்றவே, வேறொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இரத்த அழுத்தம் கூடியிருந்தது. சர்க்கரை எல்லையில் நின்றது. இதயத்தையும் சோதித்தார்.

“ஹார்ட்டு நல்லா இருக்கும்மா. இந்த வயசுல பிரஷர் வரலாமா? தினமும் ஓடு, விளையாடு.”

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“முன்னாடி பாத்த டாக்டரு சொன்னாகளே... ஐயா, நீங்கதானே கேட்டீக? சொல்லுங்கய்யா!”

மருத்துவரும் என்னைப் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும். அவளுடைய கால்களை அவளுக்கே திருப்பிக் கொடுத்திருக்கலாம்!

“ஆமா, அப்படித்தான் சொன்னாக” என்றேன்.

சோதனைக் கருவியை அவள் நம்பவில்லை, என்னை நம்பினாள். அன்றிலிருந்து படியேறுவதையும் நிறுத்திவிட்டாள்.

முகமறியாத உங்களிடம் இதை எழுத முடிகிறது. அடுத்த அறையில் இருப்பவளிடம் சொல்ல நாவு எழவில்லை. சொன்னால் என்னை வெறுப்பாளே என்ற அச்சமா? பங்காளிகள் முன் தலைகுனிய வேண்டுமே என்ற அச்சமா? இரண்டாவதுதான்... இதை எழுதும்போதே கூசுகிறது.

தம்பி இப்போது போகுமிடமெல்லாம் என்னைப் புகழ்கிறான். “எங்க அண்ணன் அன்னைக்கிக் கண்டுபிடிக்கலைன்னா பிள்ளை நமக்கு இல்ல” என்கிறான்.

நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பிள்ளை அன்று நலமாக இருந்தாள்.