பாதி வழியில் நின்ற செல்கள்

ஐந்தாம் மாதத்தில் என் மகன் அகிலன் கும்பிட ஆரம்பித்தான். தூங்கி எழுந்ததும் தலை முன்னால் சரியும். இரண்டு கைகளும் விரிந்து மார்புக்கு நேராக வந்து, ஒரு நொடியில் தளரும். பிறகு மறுபடியும். ஏழெட்டு முறை.

மூத்தவள் மதுமிதா அப்போது இரண்டாம் வகுப்பு. "அம்மா, தம்பி நமஸ்தே பண்றான்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அதைச் செல்பேசியில் படம்பிடித்துத் திண்டுக்கல்லில் இருக்கும் என் அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா பதில் போடவில்லை. மறுநாள் கூப்பிட்டு, டாக்டரிடம் காட்டு என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள்தான் நான் கவனித்தேன். ஒவ்வொரு கும்பிடும் ஒரே அளவில் இருந்தது. குழந்தைகள் எதையும் ஒரே அளவில் செய்வதில்லை.

தலைநகரில், கிட்வாய் நகரில் எங்கள் குடியிருப்பிலிருந்து பெரிய அரசு மருத்துவமனை ஆட்டோவில் பத்து நிமிடம். குழந்தை நரம்பியல் பிரிவில் டோக்கன் வாங்கி நாலு மணி நேரம் நின்றோம். மருத்துவர் வீடியோவை ஒரு தடவைதான் பார்த்தார். இது குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பு என்றார். அன்றே சேர்த்துக்கொண்டார்கள்.

எம்.ஆர்.ஐ. (காந்தப் புலத்தால் உடலின் உட்புறத்தைப் படமெடுப்பது) வந்த பிறகு எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். அவர் பேசியது இந்தியில். எனக்கு அது தமிழில்தான் நினைவிருக்கிறது. கருவின் மூன்றாம், நான்காம் மாதங்களில் மூளையின் ஆழத்தில் நரம்பு செல்கள் பிறக்கின்றன. பிறந்த இடத்திலேயே அவை இருந்துவிட முடியாது. ஒவ்வொன்றும் மேற்பரப்பை நோக்கி ஏறிப் போய்த் தன் அடுக்கில் அமர வேண்டும். அகிலனுடைய செல்கள் ஏறும் வழியிலேயே நின்றுவிட்டன. அதனால் மூளையில் மடிப்புகள் உண்டாகவில்லை. லிசென்செஃபலி (மடிப்பில்லாத, வழுவழுப்பான மூளை) என்று எழுதிக் கொடுத்தார். நடப்பானா என்று என் கணவர் கேட்டார். தலை நிற்பதே கஷ்டம் என்றார் மருத்துவர்.

பிறகு அவர் கேட்டார், குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா என்று. என் கணவர் முருகேசன் இல்லை என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் இல்லை என்றேன்.

நான் பொய் சொன்னேன். பதினான்கு வயதில் பள்ளி வராண்டாவில் விழுந்தேன். அந்த வருடம் மூன்று முறை வலிப்பு வந்தது. மதுரையில் ஒரு மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தலையைப் படமெடுத்துப் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்றார் அம்மா. கல்யாணம் நிச்சயமாகும்வரை விழுங்கிவிட்டு, நாங்களாகவே நிறுத்தினோம். அதன் பிறகு வலிப்பு வரவில்லை. அதனால் அது இல்லாமலே போய்விட்டது என்று நம்பிக்கொண்டேன்.

அகிலனுக்கு ஹார்மோன் ஊசி போட்டார்கள். முகம் உப்பி, பசியில் அலறினான். கும்பிடுவது குறைந்தது. பிறகு வேறு வகை வலிப்புகள் வந்தன.

இரண்டு மாதம் கழித்து மரபணுச் சோதனை முடிவு வந்தது. மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் (மரபணுக்களைச் சுமக்கும் இழைகளில் ஒன்று; ஆணுக்கு இதில் ஒன்று, பெண்ணுக்கு இரண்டு) இருந்தது. ஆண் குழந்தைக்கு அது தாயிடமிருந்துதான் வரும். என் ரத்தமும் வேண்டும் என்றார்கள்.

ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே, பெஞ்சில், அகிலனை மடியில் வைத்துக்கொண்டு என் கணவரிடம் சொன்னேன்.

"எனக்குச் சின்ன வயசுல வலிப்பு வந்துச்சுங்க. மாத்திரைய நிறுத்தி, மறைச்சுதான் கட்டிக்குடுத்தாங்க."

என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் அவர் குழந்தையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

பதினோரு நாள் என்னிடம் மருந்து வேளையைத் தவிர எதுவும் பேசவில்லை. நாத்தனார் தொலைபேசியில், பெண் வீட்டார் ஏமாற்றிவிட்டார்கள் என்றாள். அது உண்மைதான். பன்னிரண்டாம் நாள் காலை நான் அடுப்படியில் அகிலனுக்குக் கஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார்.

"கலா, மாத்திரைய நீ நிறுத்துனது எனக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னா?"

"ஆமாங்க."

"பஸ்ல, ரோட்டுல எங்கயாச்சும் விழுந்திருந்தா?"

என் கையிலிருந்த வடிகட்டியை வாங்கி, மீதிக் கஞ்சியை அவரே வடிகட்டினார். அழுதுகொண்டேதான் வடிகட்டினார்.

என் தலையையும் படமெடுத்தார்கள். மூளையின் மேற்பட்டைக்குக் கீழே, அதே சாம்பல் நிறத்தில் இன்னொரு பட்டை ஓடியது. இரட்டைப் புறணி (புறணி என்பது மூளையின் மேற்பட்டை) என்றார் மருத்துவர். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆனால் ஒரு செல்லில் ஒன்றுதான் வேலை செய்யும். நல்ல எக்ஸ் வேலை செய்த செல்கள் மேலே ஏறிவிட்டன. மற்றவை பாதியில் நின்றுவிட்டன. அமைச்சக அலுவலகத்தில் பதினைந்து வருடம் கோப்புகளுக்குக் குறிப்பெழுதியது இந்த மூளைதான். ஒரே எக்ஸ் உள்ள என் மகனிடம் மேலே ஏறக்கூடிய செல்களே இல்லை.

அவன் செல்கள் ஏறியிருக்க வேண்டிய அந்த மூன்றாம், நான்காம் மாத வாரங்களை நாட்காட்டியில் தேடினேன். ஒரு வெள்ளிக்கிழமை சரோஜினி நகரில் புடவை பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் முழுதும் சளி. சளிக்கு எடுத்த மருந்தா காரணம் என்று மருத்துவரிடம் கேட்டேன். இல்லை, நீங்கள் செய்த எதுவும் இல்லை என்றார். முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் என்று கேட்டேன். அவனுக்கு எதுவும் மாறியிருக்காது. மகளுக்குப் பிறகு இன்னொரு குழந்தை பெறுவதற்கு முன் சோதித்துப் பார்த்திருக்கலாம் என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. நான்தான் அதை இன்றுவரை கடுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கும் உங்கள் கையிலும் இப்படி ஓர் அறிக்கை இருக்கலாம். உங்களுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அகிலன் இரண்டு வருடமும் நாலு மாதமும் இருந்தான். அவனுக்குத் தலை நிற்கவில்லை. விழுங்க முடியாமல் போனதும் மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் கொடுத்தோம். கீழே காய்கறிக்காரர் 'ஆலூ, பியாஸ்' என்று உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் கூவினால் மட்டும் அவன் விரல்கள் மெல்லத் திறக்கும். அந்த நேரத்தில் விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வான். இது வெறும் அனிச்சைச் செயல் (நினைக்காமல் தானாக நடப்பது) என்றார் அவனுக்கு உடற்பயிற்சி தர வந்த பெண். இருக்கட்டும் என்று நான் தினமும் கொடுத்தேன்.

ஒரு ஜனவரியில் நெஞ்சில் சளி கட்டியது. நிமோனியா என்றார்கள். ஆறாம் நாள் முற்பகல், பனிமூட்டம் விலகாத நேரத்தில், என் மடியிலேயே மூச்சு நின்றது. செவிலியர் என் தோளைத் தொட்டு, "தீதி, அப் ரஹ்னே தீஜியே" என்றார். விட்டுவிடுங்கள் அக்கா என்று பொருள். எதை விடச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நான் அவன் கழுத்தைத் தாங்கிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடம் ஆகிறது. இப்போது நான் மறுபடியும் மாத்திரை எடுக்கிறேன். மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தால் என் இடது முழங்கை தானாக மடிகிறது. அந்தக் கைக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

மதுமிதாவுக்குப் பன்னிரண்டு வயது. மூளைக்கு அவள் இந்தி வார்த்தைதான் சொல்வாள். போன மாதம் கேட்டாள்.

"அம்மா, என் திமாக்லயும் அந்த ரெண்டாவது பட்டை இருக்குமா?"

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இரண்டுக்கும் சம வாய்ப்பு என்றேன். வலிப்போ படிப்பில் சிரமமோ இல்லாத பிள்ளைக்கு இப்போது சோதனை வேண்டாம், பதினெட்டு வயதில் அவளே முடிவுசெய்யட்டும் என்று மருத்துவர் சொன்னதையும் சொன்னேன். அச்சா என்று தலையாட்டினாள். பிறகு, "நீ எங்கிட்ட மறைக்க மாட்டல்ல?" என்றாள். மாட்டேன் என்றேன்.

இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. ஆனால் எனக்கு வருடங்கள் தெரிவதில்லை. நொடிகள்தான் தெரிகின்றன. நேற்று வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். கண் அசையவில்லை. வலிப்பு இப்படி வெறித்த பார்வையாகவும் வரும்; எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"ஏம்மா அப்படிப் பாக்குற? ஒரு ஸ்பெல்லிங் யோசிச்சேன்" என்றாள்.